முதலில் கப்பலைத் தூக்கி வைத்தான்

அத்தியாயம் 14

"இனிமே அவன் கை ஓங்க மாட்டான். நான் பொறுப்பு."

போன வாரம் கடம்பூரில், ஜெயப்பிரியாவின் அண்ணன் பூவனநாதன் வீட்டு வாசலில் நின்று இப்படி வாக்குக் கொடுத்தவர் அவளுடைய மாமனார் சண்முகராஜ். கொடுக்க வேண்டியவன் அவள் புருஷன் லிங்கராஜ். அவனோ காரை விட்டு இறங்கவே இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் விரலால் தட்டியபடி உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள், மகள் விஜியைப் பார்த்தாள். விஜிக்குப் பள்ளிக்கூடம், புருஷன் வீடு இருக்கும் கோவில்பட்டியில். அதோடு பேச்சு முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

வந்த நாளில் இருந்து அடி விழவில்லை. மாமனாரின் வாக்குக்குப் பலன் வந்துவிட்டது என்று மாமியார் சுப்புத்தாய் பெருமைப்பட்டுக்கொண்டாள். ஜெயப்பிரியாவுக்குக் காரணம் தெரியும். லிங்கராஜுக்கு அடிக்க நேரம் இல்லை. கப்பல் வேலை முடியும் தறுவாயில் இருந்தது.

மாடி அறையில் ஐந்து வருடமாக அந்தக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தான். இருநூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்களுக்காக மும்பையில் கட்டிய பாய்மரப் போர்க்கப்பல் அது. முழுக்கத் தேக்கு. பெயர் டிரிங்கோமலி, அதாவது நம் திருகோணமலை. அசல் கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறதாம். அதன் வரைபடத்தை எங்கிருந்தோ வரவழைத்து, சுவர் நீளத்துக்கு அச்சடித்து ஒட்டி, அறுபத்து நாலில் ஒரு பங்கு அளவில் அவன் இழைத்துக்கொண்டிருந்தான்.

முதலில் விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்கள். அதன் மேல் விரல் அகலம் கூட இல்லாத தேக்குப் பட்டிகள். ஒவ்வொரு பட்டியையும் வெந்நீரில் ஊறப்போட்டு, சூட்டுக்கோலில் அணைத்து, உடையாமல் வளைப்பான். நாலு பட்டி வளைத்தால் ஒன்று படக்கென்று முறியும். முறிந்ததை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை ஊறப்போடுவான். முகம் சுளிக்க மாட்டான். நூலுக்குக்கூட மில்லில் சொல்லி வைத்துத் தனியாக முறுக்கி வாங்கி, தேன்மெழுகு தடவி வைத்திருந்தான்.

"தீப்பெட்டி யூனிட் வச்சிருக்கீக, தீக்குச்சியிலயே கட்டிரலாமே அண்ணாச்சி" என்று ஒரு கல்யாண வீட்டில் எவனோ கேலி செய்தான். லிங்கராஜ் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அன்று ராத்திரி விழுந்த அறையில்தான் ஜெயப்பிரியாவின் இடது காது போனது.

செவிப்பறை கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார். "ஞாயித்துக்கெழம கண்காட்சி முடியட்டும், பாப்போம்" என்று லிங்கராஜ் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, நாளைதான். ஊர்ச் சங்க மண்டபத்தில் கண்காட்சி. கப்பலுக்கென்று மதுரையில் இருந்து வந்த கண்ணாடிப் பெட்டி, அட்டை பிரிக்காமல் முன்கூடத்தில் நின்றது.

*

சனிக்கிழமை விஜிக்கு அரை நாள் பள்ளி. அவள் வருவதற்குள் சமையலை முடித்துவிட வேண்டும் என்று ஜெயப்பிரியா மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் கொல்லையில் துணி உலர்த்தப் போயிருந்தாள். கூடத்தில் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் இருந்து லிங்கராஜ் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டதும் கேட்கவில்லை. அவன் மாடிப்படியில் இறங்கி வந்ததும், சமையலறை வாசலில் நின்றதும் கூடத் தெரியவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பியபோதுதான் தெரிந்தது.

"தொண்டத் தண்ணி வத்தக் கூப்பிடுதேன். செவிடாட்டி நீ?"

இப்படிக் கேட்கும்போதெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. கவனிக்கலைங்க, மன்னிச்சிருங்க. பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பதில் நாக்கிலேயே ஒட்டிக் கிடந்தது.

அன்றைக்கு அது வரவில்லை. மிக்சியை அணைத்தாள்.

"ஆமா, செவிடுதான். நீங்க அடிச்சுத்தான் செவிடாயிருக்கேன்."

சொன்னது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. குரல் நடுங்கக்கூட இல்லை.

லிங்கராஜ் கையை நீட்டி அவள் சடையைப் பிடித்தான். கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தான்.

கூடத்தைத் தாண்டித்தான் மாடிப்படி. இழுபட்டபடியே அவள் மாமனாரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

படியில் முழங்கால் இடித்தது. மறுபடி இடித்தது. மேலே போனதும் அறைக்குள் தள்ளிவிட்டான்.

"பாரு. நல்லாப் பாரு. ரெண்டு கையிலயும் நூலப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். கத்தரிய எடுத்து நீட்ட இந்த வீட்ல ஒரு நாதி இல்ல. பசை காஞ்சு போச்சு. தொங்குது பாத்தியா?"

மூன்று பாய்மரங்களுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான நூல்கள் இழுத்துக் கட்டியிருந்தன. அதில் ஏதோ ஒன்று ஒரு நெல்மணி அளவுக்குத் தொய்ந்திருக்கலாம். அவளுக்குக் கண்ணில் படவில்லை.

"தெரியல" என்றாள்.

நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவள் பின்னால் போய் மேசையில் மோதினாள். மேசை ஆடியது. கப்பல் அதன் தாங்கியில் ஒருபக்கமாகச் சாய்ந்து, நூல்களெல்லாம் அதிர்ந்தன.

லிங்கராஜ் பாய்ந்து வந்தான். தன் மேல்தான் பாய்கிறான் என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அடி ஒன்றும் விழவில்லை. விரலிடுக்கில் பார்த்தாள்.

அவன் அவளைத் தாண்டிப் போயிருந்தான். இரண்டு கைகளையும் கப்பலின் அடியில் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லத் தூக்கினான். அடி அடியாக நடந்து கட்டிலுக்குக் கொண்டுபோனான். இறக்கி வைத்து, இந்தப் பக்கம் ஒரு தலையணை, அந்தப் பக்கம் ஒரு தலையணை அண்டக் கொடுத்தான். சரிகிறதா என்று ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தான். சரியவில்லை. நடுப் பாய்மரத்தின் உச்சியில் ஒட்டியிருந்த தூசியை வாயால் ஊதிவிட்டான்.

பிறகு திரும்பி வந்து அவளை அடித்தான்.

முதல் குத்து வாயில் விழுந்தது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. மேசையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வீசினான். அதன் விளிம்பு நெற்றியைக் கீறிக்கொண்டு போனது. கையால் தடுத்தாள். மணிக்கட்டில் விழுந்தது. கீழே உட்கார்ந்தாள். விலாவில் உதைத்தான். மூச்சு நின்று போய்த் திரும்ப வந்தது.

"வாய் பேசுவியா? வாய் பேசுவியா?" என்று ஒவ்வோர் உதைக்கும் கேட்டான்.

அவள் அலறினாள். ஆனால் அலறிக்கொண்டே வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எம் பிள்ளைக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது. நீதான் வெலகிப் போவணும்" என்பாள் மாமியார். அவன் வேண்டுமென்று செய்வதில்லை, அவனையும் மீறி வருகிறது என்று மாமனாரும் சொல்லியிருக்கிறார். அவளும் அதை நம்பினாள். வலிப்பு மாதிரி, காய்ச்சல் மாதிரி, பாவம் அவனுக்கு ஒரு நோய் என்று நினைத்தாள். அப்படி நினைத்தால்தான் மறுநாள் காலையில் அவனுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது.

கண் தெரியாதவனா தலையணை அண்டக் கொடுப்பான்?

எல்லாம் தெரிகிறது. எது உடையக் கூடாது, எது உடைந்தால் பரவாயில்லை என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

அடிப்பது நின்றது. லிங்கராஜ் மூச்சு வாங்கிக்கொண்டு தன் கையைப் பார்த்தான். விரல் முட்டியில் அவள் ரத்தம். முகத்தைச் சுளித்தான். அந்தக் கையோடு நூலைத் தொட முடியாது. மொட்டைமாடிக் குழாயில் கழுவுவதற்காக வெளியே போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஜெயப்பிரியா எழுந்தாள். எழுந்துவிட முடிந்ததே என்று இருந்தது. கட்டிலுக்குப் போனாள். தலையணைகளை ஒதுக்கினாள். ஐந்து வருடமாக இந்த அறையைப் பெருக்குகிறாள், ஒரு நாளும் இதைத் தொட அவன் விட்டதில்லை. அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். நினைத்ததைவிடப் பாரம் குறைவாக இருந்தது.

*

ஈரக் கையோடு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஏட்டி. கீழ வை."

அவள் கப்பலை நெஞ்சோடு தூக்கிப் பிடித்தாள்.

"பக்கத்துல வந்தா விட்டுருவேன்."

"பிரியா..."

"வழிய விடுங்க."

அவன் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒன்று வந்தது. பயம். அதைப் பார்க்க அவளுக்கு ருசியாக இருந்தது. அதை நினைத்துப் பிறகு வெட்கப்படலாம், இப்போது நேரமில்லை.

"சரி, சரி. வெலகிட்டேன். நீ... மெதுவா. பாய்மரத்துல சாய்க்காத. அடியில, இன்னும் அடியில கை குடு."

அவள் நடந்தாள். அவன் சுவரோடு சுவராக ஒதுங்கினான். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக அவள் காலால் துழாவி இறங்க, இரண்டு படி பின்னால் அவன் கையை நீட்டியபடியே வந்தான். திருப்பத்தில் கப்பலின் மூக்குக் கம்பு சுவரில் இடித்து முறிந்தது. லிங்கராஜ் வயிற்றில் உதை வாங்கியவன் போல முனகினான்.

கொல்லையில் இருந்து வந்த சுப்புத்தாய் கூடத்தில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பைத்தியமா பிடிச்சிருக்கு? எம் பிள்ள அஞ்சு வருசமா உசிரக் குடுத்துச் செஞ்சத எங்க கொண்டு போற? கீழ வையிட்டி!"

மருமகளின் நெற்றியில் இருந்து ரத்தம் கண்ணிமை வரை வழிந்திருந்தது. மாமியாரின் கண் கப்பலிலேயே இருந்தது.

சண்முகராஜ் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தார். வாசலை மறிப்பார் என்று ஜெயப்பிரியா நினைத்தாள். அவர் குனிந்து, அவளுடைய செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டார்.

"போட்டுக்க. ரோடு சுடும்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

உச்சி வெயில். மழையைக் கண்டு நாளான கரிசல் புழுதி தெருவில் பறந்துகொண்டிருந்தது. கப்பலைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடக்க, லிங்கராஜ் பின்னால் வந்தான். பலசரக்குக் கடை ஜெயகிருஷ்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன லிங்கம் அண்ணாச்சி, கண்காட்சிக்குக் கெளம்பியாச்சா?"

"ஆமா, ஆமா. கண்காட்சிக்குத்தான்" என்றான் லிங்கராஜ். அவனும் சிரித்தான்.

கடைக்காரர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. கையில் இருந்த பொட்டலத்தைக் கட்டவும் மறந்து நின்றார். கூப்பிடவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை.

"போதும் பிரியா. ஊரு பாக்குது" என்று பின்னால் இருந்து லிங்கராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "வீட்டுக்கு வந்துரு. நாளைக்கே திருநெல்வேலிக்குப் போவோம். காத சரி பண்ணிருவோம். சத்தியமா."

"நாளைக்குக் கண்காட்சில்லா?"

அவன் காலடிச் சத்தம் மட்டும் நெருங்கியது. அவள் கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். சத்தம் நின்றது.

மெயின் ரோடு வந்தது. எதிர்ப் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டு. அங்கே மகாராஜா தன் வண்டியில் காலை நீட்டிப் படுத்திருந்தான். விஜியைச் சில நாள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறவன். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

கப்பலோடு ஆட்டோவுக்குள் நுழைய முடியாது. கப்பலை விட்டுவிட்டால், ஏறுவதற்குள் லிங்கராஜ் பிடித்துவிடுவான். அவள் ரோட்டோரத்தில் நின்றாள். வலது கைப் பக்கம் புதூர் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது.

ரோட்டில் இறங்கினாள். நடு ரோட்டில் குனிந்து, கப்பலைத் தார் மேல் வைத்தாள். பத்திரமாகத்தான் வைத்தாள். வைத்துவிட்டு எதிர்ப் பக்கம் ஓடினாள்.

"ஏட்டீ!"

பஸ் ஹாரனை அலறவிட்டது. லிங்கராஜ் ஓடி வந்தான். அவளைப் பார்த்து ஓடி வந்தவன் பாதி ரோட்டில் திரும்பி, கப்பலுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நின்றான். டயர் தேய்ந்து கிறீச்சிட்டது. அவன் வயிற்றுக்கும் பஸ்ஸின் முகத்துக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனுடைய ஆத்தாளையும் அப்பனையும் வைது தீர்த்தார். லிங்கராஜ் காதிலேயே வாங்கவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து கப்பலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறுங்க அக்கா" என்றான் மகாராஜா. வண்டி அதற்குள் உறுமிக்கொண்டிருந்தது.

*

கொஞ்ச தூரம் போனதும் மகாராஜா தோளில் கிடந்த துண்டைப் பின்னால் நீட்டினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"இல்ல. விஜி பள்ளிக்கூடத்துக்கு."

துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டாள். மூச்சு இழுத்தால் விலாவில் குத்தியது. பள்ளிக்கூடம் விட்டு நேரமாகிவிட்டது. வாசல் காலியாக இருந்தது. வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"விஜியா? தாத்தா ஸ்கூட்டர்ல வந்து கூட்டிட்டுப் போயிட்டாவளே. பத்து நிமிசமிருக்கும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியோடு கிட்டே வந்தார். "என்னம்மா இது? உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

ஜெயப்பிரியா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். செருப்பை எடுத்துப் போட்ட மனிதர், அவள் அந்தப் பக்கம் போனதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். மகனுக்காகவா? அல்லது...

மகாராஜாவின் போனை வாங்கி மாமனார் நம்பரைப் போட்டாள். நல்ல காதில் வைத்துக்கொண்டாள். உடனே எடுத்தார்.

"பிள்ள எங்கிட்டதான் இருக்கா. யூனிட் ஆபீஸ்ல உக்காந்திருக்கோம்" என்றார், யார் என்றுகூடக் கேட்காமல். "பிரியா, நீ இப்ப எங்க நிக்க?"

"விஜிட்ட குடுங்க."

"முட்டாய் தின்னுக்கிட்டிருக்கா. நல்லாத்தான் இருக்கா. நீ இங்கன வா. பேசிக்கிடுவோம். போலீசு அது இதுன்னு போய்றாத. அவன் எனக்கு ஒத்தப் பிள்ள."

வாட்ச்மேன் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றார். அவள் வாங்கவில்லை. தீப்பெட்டி யூனிட்டுக்குப் போனால் விஜியைக் கண்ணால் பார்க்கலாம். பேசலாம். பேசி முடித்ததும் எல்லோருமாக ஒரே காரில் வீட்டுக்குப் போகலாம். மாடி அறையில் லிங்கராஜ் முறிந்த கம்புக்குப் பதிலாகப் புதுக் கம்பு இழைத்துக்கொண்டிருப்பான். அது முடிகிற வரைக்கும் அடி விழாது.

"மாமா, ஒண்ணு கேக்கேன். மேல நான் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

முட்டாய்த் தாள் கசங்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மாமா."

"கேட்டுச்சு" என்றார் சண்முகராஜ்.  "எல்லா நாளும் கேட்டுச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த வீட்டில் இருந்து ஒருவர் சொன்ன முதல் உண்மை அது.

"பிள்ளைக்குச் சோறு வாங்கிக் குடுங்க மாமா. முட்டாய் மட்டும் தின்னா அவளுக்கு வயிறு வலிக்கும். நான் போலீசோட வாரேன்."

  அவருக்குப் பின்னால் இருந்து விஜியின் குரல் கேட்டது, சந்தோஷமாக.

"தாத்தா, அப்பா கார் வருது!"

நாற்காலி தள்ளப்படும் சத்தம். கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம். அதற்கு மேல் சண்முகராஜின் குரல், அந்த வீட்டில் அவள் ஒருநாளும் கேட்டிராத குரல்:

"ஏலே, அங்கனயே நில்லு! உள்ள வராத! உள்ள வராதன்னு சொல்லுதேன்ல்லா!"

எதுவோ விழுந்து உடைந்தது. லைன் அறுந்தது.

மறுபடி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஜெயப்பிரியா ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினாள்.

"மகளிர் ஸ்டேசனுக்கு விடுங்க மகாராஜா. வாசல்ல வண்டிய அணைக்காம வச்சிருங்க. அங்கயிருந்து நேரா யூனிட்டுக்குப் போவணும்."